பினாங்கு விமானத்துக்குக் கை காட்டியவர்கள்

என் தங்கை இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போவதற்கு முந்தைய ஒரு மாதம் நான் அவளோடு பேசவே இல்லை. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம். சீப்பு வேண்டுமென்றால்கூட, "அம்மா, அந்தச் சீப்பை இங்க வைக்கச் சொல்லுங்க" என்பேன். சீப்பு எனக்கு முன்னால் அவள் கையிலேயே இருக்கும். அம்மா நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

விண்ணப்பத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் படித்த பெண்கள் நிறையப் பேர் அப்படி எழுதிப் போட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரிகளில் ஆள் தேவைப்பட்டது. 'நான் ஏன் நர்ஸாக விரும்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் தகராறு. அதனால் அவள் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். என்னைப் பற்றி எழுதும்போது கை கூசியது. அவளைப் பற்றி என்றால் தாராளமாக வந்தது. அவளுக்குக் கடிதம் வந்தது, எனக்கு வரவில்லை. வயிறு எரிந்தது. இன்று அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் எழுதிய எழுத்தில் அவள் லண்டனுக்குப் போகிறாள், நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கு ஆபீஸில் டைப் அடிக்கப் போகிறேன் என்றால் எரியாதா?

கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு நாள் என்பதால் பஸ்ஸை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டார். பயணம் போகிறவள் ஒருத்தி, வழியனுப்ப முப்பது பேர். அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆன்டி, ஆன்டி வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த யாரோ ஒரு அம்மாள். அம்மா இரண்டு தூக்கு நிறையப் புளிச்சாதமும் நெத்திலி சம்பலும் எடுத்துக்கொண்டார். பத்துமலைத் தைப்பூசத்துக்குக் கிளம்புகிற மாதிரிதான் சுபாங் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம்.

பஸ்ஸில் நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படியும் இன்று பேசிவிட வேண்டும். 'நல்லபடியா போயிட்டு வாடி.' மூன்றே வார்த்தை. இதைச் சொல்லாமல் அவளை அனுப்பிவிட்டால் பிறகு எந்தக் காலத்தில் சொல்வது? அவள் முன் சீட்டில் பச்சைப் பட்டுப் புடவை கட்டி, மடியில் குளிர்கோட்டை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

விமான நிலையத்தில் அவளைப் பிடிக்கவே முடியவில்லை. அத்தனை பேரும் அவளை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். ஓர் அத்தை விபூதி பூசினார். இன்னோர் அத்தை, வெள்ளைக்காரன் கொடுக்கிற இறைச்சி என்ன இறைச்சி என்று கேட்காமல் தின்னாதே என்றார். பெட்டியின் எடை கூடிவிட்டதால் தரையிலேயே திறந்து மசாலாத் தூள் டின்னை வெளியே எடுத்தார்கள். அம்மா அதைப் பார்த்து அழுதார். காலில் சப்பாத்து பளபளக்க நடந்து போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லா ஊருக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் ஒரு ஊரும் இல்லை.

உள்ளே போகும் கதவருகில் என் முறை வந்தது. அவள் தோளில் முந்தானை ஊக்கு அவிழ்ந்து தொங்கியது. அதைச் சரியாகக் குத்திவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஊக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா? தங்கச்சி போறா, ஒரு வார்த்தை சொல்லு லா" என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி. நான் ஊக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ள, அவள் உள்ளே போய்விட்டாள்.

அப்போதெல்லாம் மேலே ஒரு திறந்த மாடி இருந்தது. அங்கே நின்று விமானத்துக்குக் கை காட்டலாம். நாங்கள் ஏறிப் போனபோது நல்ல மழை. பயணிகள் பெரிய பெரிய குடைகளுக்கு அடியில் நடந்து போனார்கள். முகம் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. அங்கே இரண்டு விமானங்கள் நின்றன. எது லண்டன் என்று சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். அந்த நேரம் பார்த்து அம்மா, "அதோ பச்சை, என் புள்ள போகுது" என்று ஒரு குடையைக் காட்டினார். குடைக்குக் கீழே பச்சைப் புடவைக் கரை தெரிந்தது. பெற்றவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? முப்பது பேரும் அந்த விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மழை தூறலாக இறங்கியது. நான் கம்பியோடு ஒட்டி எல்லாருக்கும் முன்னால் நின்றேன். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த விமானம் மேலே ஏறி மேகத்துக்குள் போகும்வரை கையை இறக்கவில்லை.

கீழே வந்து பேப்பர் விரித்துப் புளிச்சாதம் சாப்பிடும்போதுதான் மாமா அங்கிருந்த காவலரிடம் லண்டன் விமானம் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று பேச்சுக் கொடுத்தார். அந்த மலாய்க்காரர், "லண்டன் சுடா பெர்கி" என்றார். லண்டன் போய்விட்டது, நீங்கள் கை காட்டியது பினாங்கு விமானம், அந்த நேரத்தில்தான் உங்கள் வலது பக்கத்திலிருந்து லண்டன் கிளம்பியது என்று சிரிக்காமல் சொன்னார். சாதம் யாருக்கும் இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் சித்தப்பா கதவை மூடிவிட்டு உத்தரவு போட்டார். "யாரும் அவகிட்ட இதைச் சொல்லக் கூடாது. புள்ள மனசு ஒடஞ்சு போயிரும்." அம்மா கடிதத்தில், 'நாங்கள் எல்லாரும் உனக்குக் கை காட்டினோம்' என்று எழுதச் சொன்னார். என் கையால்தான் எழுதினேன்.

அவள் அங்கேயே படித்து, அங்கேயே கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா இறந்தபோது ஒரு தடவை வந்தாள். துக்க வீட்டில் என்ன பேச முடியும். அதற்குப் பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவைப் பார்க்கப் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். திரும்பிப் போகும்போது வழியனுப்ப நான் ஒருத்திதான் போனேன். விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். சுபாங்கில் இரண்டு காப்பி வாங்கி உட்கார்ந்தோம். காப்பியைக் கலக்கிக்கொண்டே அவள் தானாகச் சிரித்தாள்.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் பினாங்கு ப்ளேனுக்குக் கை காட்டினீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கு ஜன்னல் சீட்டு. நீதான்க்கா முன்னால நின்னே. ரெண்டு கையும் மேல. நான் கண்ணாடியைத் தட்டினேன். இங்கக்கா, இந்தப் பக்கம்னு கத்தினேன். பக்கத்துல இருந்த வெள்ளைக்காரம்மா பயந்துட்டாங்க. நீ ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பல."

பதினைந்து வருஷத்துக்கு மேல் நாங்கள் முப்பது பேர் மறைத்ததை அவள் தனியாக மறைத்திருந்தாள். அம்மா வருத்தப்படுவார் என்றுதான் சொல்லவில்லையாம். நான் அப்போது சொல்லிவிட்டேன். "எனக்குப் பொறாமைடி. அதான் பேசல."

"தெரியும்" என்றாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்குப் போகவே பயமா இருந்துச்சுக்கா. நீ ஊக்கு குத்துறப்ப, போகாதடின்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். சொல்லியிருந்தா அப்படியே திரும்பி வந்து பஸ்ஸில ஏறியிருப்பேன்."

நல்லபடியா போயிட்டு வாடி என்ற மூன்று வார்த்தையைத்தான் அன்று நான் முழுங்கிவிட்டேன் என்று இத்தனை காலம் என்னையே நம்ப வைத்திருந்தேன். பொய். அன்று என் தொண்டையில் நின்றது அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். சொன்னால் பொறாமையில் தடுக்கிறாள் என்பார்களே என்று பயந்து முழுங்கினேன்.

லண்டன் பயணிகளை அழைத்தார்கள். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"போகாதடி" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தடவினாள். "புள்ளைங்களுக்குத் திங்கக்கிழமை ஸ்கூல் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.