கொண்டையில் நீலம்

தெரிந்ததை வரையக் கூடாது, கண்ணில் படுவதை வரைய வேண்டும். ஓவியக் கல்லூரியில் எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். கோழிக்கொண்டை சிவப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உற்றுப் பார்த்தால் வெயில் படும் விளிம்பு ஆரஞ்சு, மடிப்புக்குள் அரக்கு, ஓரத்தில் பக்கத்துப் பொருளின் நிறம்.

விடுமுறைக்கு வந்தபோது, நாமக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் முட்டைக்கோழிப் பண்ணையில் உட்கார்ந்து வரைந்து பழகினேன். இரண்டு கொட்டகைகள். எங்கள் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. தீனிக்காகக் கூண்டுக்கு வெளியே தலை நீட்டும் கோழிகளில் கழுத்தை வரையாமல், கழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரைவேன். கழுத்து தானாக வந்துவிடும். முதல் கொட்டகையின் கடைசி வரிசையில் அந்த இடைவெளிகள் கோணலாக வந்தன. தலைகள் தாழ்ந்திருந்தன. கொண்டைக்குச் சிவப்பில் நீலம் கலக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் தொங்கிய நீலத் தார்ப்பாய் எதிரொளிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

தீனி வண்டியோடு வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏஞ்சாமி, கொண்டைய வரையச் சொன்னா கத்திரிக்காய வரஞ்சு வெச்சிருக்கற?”

“தார்ப்பாய் வெளிச்சமுங்கப்பா. அப்பிடித்தான் தெரியும்.”

“காலேசு படிச்சவன் சொன்னாச் சரி” என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை, காற்றுக்காக அப்பா தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருந்தார். நேர்வெயிலில் படத்தை முடிக்க உட்கார்ந்தேன். நீலம் போகவில்லை. நேற்று நான்கு தலைகளில் இருந்தது இன்று வரிசை முழுக்க இருந்தது. படத்தில் உள்ள இரண்டு கோழிகள் கூண்டின் தரையில் செத்துக் கிடந்தன.

நான் கூப்பிட்ட குரலுக்கே அப்பா ஓடிவந்தார். ஒரு கொண்டையை விரலால் நிமிர்த்தினார்.

“நேத்தே இப்பிடித்தான் இருந்துச்சா?”

“ஆமாங்கப்பா.”

“தீனி மிச்சமாக் கெடந்துச்சு. வெக்கைக்குத் திங்கலையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். தான் வரும்வரை யாரும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டைப் பூட்டினார். கைகால்களை மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, செருப்பையும் மாற்றிக்கொண்டோம்.

“வா. எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாத்தான் தெரியுது. நீ பாத்துச் சொல்லு.”

இரண்டாவது கொட்டகையில் அவர் முன்னால் நடந்தார். நான் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி வரிசை தாண்டி நின்றேன். அவரும் நின்றார், திரும்பவில்லை.

“நுனி மட்டும் நீலமுங்கப்பா” என்றேன்.