தலைசுற்றல் இல்லை என்று நிரூபித்த பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் ஸ்டெல்லா, பிலோமினா அக்காவின் ஒரே மகள்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில ஏழு மணிக்கு, ஹாஸ்பிட்டல்ல."

பிறகு அவர் கேட்டார்: "வீட்டுல அவங்க மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்திடவா?"

"நிறுத்தாதம்மா" என்றேன். கண்ணாடி வாங்காமலே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிள்ளானில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர் அவர். தந்தையார் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவர். திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை ஜெபத்தோடு சேர்த்தே படித்ததாக அக்கா சொல்வார். நான் அதே பள்ளியில் தமிழ் போதித்தேன். பிறகு அவர் வீட்டுக்கு எதிர்வீட்டையே வாங்கிக் குடியேறினேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் கடைசிவரை 'சார்'தான்.

பள்ளிக்கு அதிகாரிகள் வந்திருந்த ஒரு நாள், மாணவிகளின் ஊசல் சோதனையில் விடை தவறாக வந்தது. புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதிவிடுமாறு ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். கதவருகே தட்டோடு நின்ற அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி, "பார்த்ததை எழுதுங்க பிள்ளைங்களா" என்றார். அதற்காக அவரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: 'கயிற்றின் நீளத்தைத் தவறாக அளந்திருந்தார்கள், அவர்கள் பார்த்த எண் சரி.'

பணி ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, பங்சாரில் ஸ்டெல்லாவின் பதினெட்டாம் மாடி வீட்டில் ஒரு பிற்பகல் தனியாக இருந்தபோது, நாற்காலி நகர்ந்தது போல அக்கா உணர்ந்தார். கூரை விளக்கு அசைந்தது. கீழே இறங்கிக் காவலாளியிடம் கேட்டார், அவர் சிரித்தார். அன்று மாலைச் செய்தியிலும் எதுவும் வரவில்லை. ஸ்டெல்லா பயந்துபோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். வயதானால் இப்படித்தான் சுற்றும் என்று மருத்துவர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"எனக்குச் சுத்தல டாக்டர். கட்டடம் ஆடுச்சு" என்றார் அக்கா.

"சரிதான் ஆன்டி. மாத்திரையைச் சாப்பிடுங்க" என்றார் அவர்.

அந்தச் 'சரிதான்'தான் அக்காவைச் சுட்டது. மறுவாரமே பின் அறையிலிருந்த தையல் இயந்திரத்தை எனக்குத் தந்துவிட்டு, அந்த இடத்தின் தரையோட்டைப் பெயர்த்தார். நில அதிர்வுமானி கட்டப் போவதாகச் சொன்னபோது, நான் அதை மணிக்கூண்டு போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். "இரும்புக் கதவு கொஞ்சம் சாய்ஞ்சு நின்னா, தானா ஒரு இடத்துக்கு வந்து நிக்கும்ல? அது மாதிரி ஒரு கம்பி. நுனியில எடை. தரை அசைஞ்சா எடை உடனே அசையாது. அந்த வித்தியாசத்தைப் பிடிச்சாப் போதும்."

பிடிப்பதற்கு எட்டு மாதங்கள் ஆயின. பழைய ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றினார். செப்புக் கம்பியைத் தானே ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினார். பாதியில் அறுந்துபோக, மறுபடியும் சுற்றினார். சமிக்ஞையைக் கணினிக்குக் கொண்டுபோகும் சிறு பலகையைத் தெலுக் பங்லிமா காராங் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் முன்னாள் மாணவி ஒருவர் செய்து கொடுத்தார். காற்று படாமலிருக்க மீன் தொட்டியைக் கவிழ்த்து மூடினார். அப்படியும் பல்லி உள்ளே புகுந்து, கம்பியின் மேல் உட்கார்ந்துகொண்டது. முதல் மாதத்தில் அந்தக் கருவி பதிவு செய்தது பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரத்தையும் ரொட்டி வேனையும்தான். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதை இங்கே எழுதியாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "சார், கொஞ்சம் வாங்க. எனக்குத் தலை சுத்துது."

பதறி ஓடினேன். அவர் திரையின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கோடு நீண்ட அலைகளாக எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. தரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் கைபேசிகளில் செய்தி வந்தது: சுமத்ரா கடலோரத்தில் நிலநடுக்கம். அக்கா அந்த அலையை அச்செடுத்து, மருத்துவருக்கு அஞ்சலில் அனுப்பினார். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அவரது கருவி எங்களுக்குப் பயன்பட்டது இரண்டு ஆண்டுகள் கழித்து. எங்கள் லோரோங் சந்துக்குப் பின்னாலிருந்த திடலில் அடுக்குமாடிகள் கட்ட, தூண்களை மண்ணில் அடித்து இறக்கும் பைலிங் வேலையைத் தொடங்கினார்கள். இரும்புச் சுத்தியல் விழ விழ, அலமாரியில் கோப்பைகள் குலுங்கின. ஏழு வீடுகளில் சுவர் விரிசல் கண்டது. பாலாய் ராயா சமூகக் கூடத்தில் கூட்டம் நடந்தபோது, கட்டுமான நிறுவனத்தின் பொறியியலாளர், விரிசலுக்குக் காரணம் பழைய வீடுகளும் சாலையில் ஓடும் லோரிகளும் என்றார்.

அக்கா எழுந்தார். தூரத்து நிலநடுக்கத்துக்கான ஊசல் இதற்குச் சரிவராது என்று, பால்மாவு டின்னில் இன்னொரு சிறு கருவியை அவர் முன்பே செய்து முடித்திருந்தார். ஒரு மாதப் பதிவுகளை மேசையில் விரித்தார். "லோரி ஞாயித்துக்கிழமையும் ஓடுது தம்பி. உங்க சுத்தியல் ஓடல. பாருங்க, ஞாயிறு எல்லாம் கோடு சும்மா கிடக்குது."

"ஆன்டி, இது வீட்டுல செஞ்ச மெஷின். யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

"ஏத்துக்க வேணாம் லா. உங்க மெஷினைக் கொண்டாந்து என் வீட்டுல வைங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். கரண்டு நான் தரேன்."

கூடம் சிரித்தது. ஊராட்சி மன்ற அதிகாரி சிரிக்கவில்லை. அப்படியே செய்யச் சொன்னார். இரண்டு வாரம் இரண்டு கருவிகளும் ஒரே தரையில் ஓடின. இரண்டும் ஒன்றையே சொல்லின. சுத்தியலை நிறுத்தி, தூண்களை அழுத்தி இறக்கும் முறைக்கு நிறுவனம் மாறியது. வீடுகளையும் பழுது பார்த்துக் கொடுத்தது.

ஆறு வீடுகளை மட்டும். அக்காவுக்கு வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: கருவியை அகற்ற வேண்டும், இனி புகார் செய்யக் கூடாது. நான் கையெழுத்துப் போடச் சொன்னேன். சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு.

"சுவர் அப்படியே இருக்கட்டும் சார்" என்றார். "வாயை மூடிக்கிட்டு வாங்குற சிமெண்டு எனக்கு வேணாம்." தானே சிமெண்டு குழைத்துப் பூசினார். கோணலாகத்தான் பூசினார்.

சென்ற மாதம் இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே திடலில் இன்னும் இரண்டு கட்டடங்கள் வரப்போவதாகவும், மறுபடியும் சுத்தியல் முறைதான் என்றும் அறிவிப்பு வந்தது. படுக்கையிலேயே வாசித்தார். ஆட்சேபக் கடிதத்தோடு வைக்கும் தாளில் முதல் கையெழுத்தை அவரே போட்டுவிட்டு, "மலாய்ல பிழை இல்லாம எழுதுங்க சார். பிழை இருந்தா அதை மட்டும்தான் படிப்பாங்க" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை தேவாலயப் பூசை முடிந்து, அவரை அடக்கம் செய்தோம். ஆட்சேபத்துக்கும் அன்றுதான் கடைசி நாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு பேர், கறுப்புத் துணியோடு, காலணியில் செம்மண்ணோடு, நேரே ஊராட்சி மன்ற முகப்பிடத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் கடிதத்தை வாங்கிப் பெயர்களைச் சரிபார்த்தார். முதல் பெயரில் விரலை வைத்து, "இவங்க வரலையா?" என்று மலாயில் கேட்டார்.

"எங்கம்மா. இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வரோம்" என்றார் ஸ்டெல்லா.

அந்தப் பெண் எழுந்து நின்றார். முத்திரையை எடுத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக் குத்தினார்.

பெற்றுக்கொண்டார்கள், அக்கா. மலாயில் பிழையில்லை, மூன்று முறை பார்த்தேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள். சுத்தியலோடு அவர்கள் வரட்டும், நாங்கள் இருக்கிறோம்.