நாரத்தை மரத்தில் சம்பந்தியின் செருப்பு

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. பெற்ற ஐந்தும் கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டன. ஆறாவது மட்டும் வீட்டுக்குப் பின்னால் ஒன்றும் செய்யாமல் நிற்கிறது. அது நாரத்தை மரம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் உள்ளவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

என் கடைசி மகன் திண்டுக்கல்லில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது, ஊறுகாய்க்கு நறுக்கிய பழத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பின்பக்கம் ஊன்றினேன். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அரிசி கழுவின தண்ணீர் அதற்குத்தான் போகும். மரம் ஓட்டு மட்டத்தைத் தாண்டி வளர்ந்தது. இலை விட்டது, முள் விட்டது, நிழல் விட்டது. பூ மட்டும் விடவில்லை. தெருவில் கேட்கிறவர்களிடம் எல்லாம், இந்த வருஷம் காய்த்துவிடும், ஊறுகாய் போட்டு உங்களுக்கு ஒரு ஜாடி என்று வருஷா வருஷம் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்ன ஜாடிகளை அடுக்கினால் ஒரு மளிகைக் கடை நிறையும்.

இந்தப் பங்குனியில் என் மகனுக்குத் தோட்டக் கிறுக்குப் பிடித்தது. செல்போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பனி உருகியதும் மண்ணைக் கிளறி நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறான். வசந்த காலம் வந்துவிட்டது, இனிமேல் சனி ஞாயிறு வீட்டில் எல்லாருக்கும் தோட்ட வேலைதான் என்றான். பங்குனி மாதம் திண்டுக்கல்லில் உருகுவதற்கு ரோட்டுத் தாரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நம் பக்கம் ஆடியில்தானப்பா விதைப்பார்கள் என்று சொன்னேன். அதெல்லாம் அந்தக் காலம் என்றான். தொப்பி வாங்கினான், கையுறை வாங்கினான், முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தை வாங்கினான். மண்வெட்டி மட்டும் பக்கத்து வீட்டில் இரவல்.

சனிக்கிழமை காலையில் கயிறு பிடித்துப் பாத்திக்கு அளவு போட்டான். தக்காளி, கத்தரி நாற்றெல்லாம் தட்டுத் தட்டாக வந்து இறங்கியிருந்தன. மருமகள் கல் பொறுக்கினாள். பேத்தி போட்டோ எடுத்தாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் செய்கிற தப்பையெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து மணி வெயில் ஏறியதும் என் மகன் நிமிர்ந்து நாரத்தையைப் பார்த்தான். இந்த மரம் பாத்திக்கு வரும் வெயிலை மறைக்கிறது, காய்க்கவும் இல்லை, நாளைக்கு ஞாயிறுதானே, வெட்டிவிடலாம் என்றான்.

இன்னும் ஒரு வருஷம் பொறு, காய்த்துவிடும் என்றேன்.

"இதையேதாம்மா பாப்பா பொறந்தப்பவும் சொன்ன. பாப்பா இப்ப ஒம்பதாப்பு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் நத்தத்திலிருந்து சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, மகளைப் பார்க்க வந்தார். மாந்தோப்பும் காரும் உள்ள மனிதர். வரும்போதே ஒரு சாக்கு மாங்காய். எனக்கும் அவருக்கும் கல்யாணத்திலிருந்தே மரியாதை விஷயத்தில் ஒரு போட்டி உண்டு. நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார், அவர் உட்காராமல் நான் உட்கார மாட்டேன். அதனால் இருவரும் செத்த நேரம் நின்றுகொண்டே பேசுவோம். அன்றைக்கும் அப்படியே நின்று பேசினோம். ராத்திரி அவருக்கு என் கையாலேயே பரிமாறினேன்.

படுக்கப் போகும்போதே ஒரு முடிவு செய்துவிட்டேன். காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. பழைய செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, மரத்தைப் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். மரத்துக்கு ரோஷம் வந்து காய்த்துவிடும். பப்பாளியும் முருங்கையும் இப்படிக் காய்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மரத்துக்கு மட்டும் இதுவரை நான் செய்ததில்லை. வளர்த்த பிள்ளையைச் செருப்பைக் காட்டி அவமானப்படுத்த மனசு வரவில்லை. ஆனால் ரம்பம் வந்து நிற்கும்போது அவமானத்தைப் பார்த்தால் ஆகுமா?

ஞாயிறு விடிந்ததும் எழுந்துவிட்டேன். விளக்குமாறு கிடைத்தது. பழைய செருப்பு கிடைக்கவில்லை. மருமகள் சுத்தக்காரி. வார் கொஞ்சம் தேய்ந்தாலே குப்பை வண்டியில் போட்டுவிடுவாள். தேடிக்கொண்டு பின்பக்கம் போனால், குழாயடியில் ஒரு சோடித் தோல் செருப்பு. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, வார் அறுந்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. முந்தின நாள் பாத்திக்கு வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டிய ஆள் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? கேட்டபடி கிடைத்ததே என்று எடுத்துக்கொண்டேன். செருப்பு இரண்டையும் விளக்குமாற்றோடு சேர்த்துச் சணலில் கட்டி, தொரட்டிக் கம்பால் தூக்கி, கைக்கு எட்டாத கிளையில் மாட்டினேன். பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மரத்தைக் கேட்டேன்.

"வெக்கமா இல்லையாலே உனக்கு? உக்காந்த எடத்துல வருசம் பூராத் திங்கிற. நானும் ஊத்துறேன், ஊத்துறேன், உள்ள போகுது. இந்த வீட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒத்தக் காய் குடுத்திருக்கியா நீயி?"

எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஒரு சாக்கு மாங்கா கொண்டாந்தேனே, சம்பந்தியம்மா."

திரும்பினேன். சம்பந்தி வாயில் வேப்பங்குச்சியோடு, வெறுங்காலோடு நின்றார். ராத்திரி கால் கழுவ வந்தவர் செருப்பைக் குழாயடியில் கழற்றிவிட்டு, உள்வழியாகவே படுக்கப் போயிருக்கிறார். இப்போது தேடி வந்தவர் என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார். அவர் செருப்பு விளக்குமாற்றோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மாந்தோப்பும் காரும் உள்ளவர் கட்டுக்கம்பி போட்ட செருப்பில் வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை நான் இன்றைக்கும் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. மருமகள் ஓடி வந்தாள். அப்பா முகத்தையும் மரத்தையும் பார்த்துவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். பெண் கொடுத்தவரின் செருப்பை விளக்குமாற்றோடு கட்டித் தொங்கவிட்ட வீடு என்று எங்களைப் பற்றி நத்தத்தில் என்ன பேசுவார்கள் என்பது அவள் கவலை. அதில் நியாயம் இருந்தது.

நான் மெதுவாகச் சொன்னேன். திட்டியது மரத்தை, கட்டியது மரத்துக்கு, இன்றைக்கு இதை வெட்டப் போகிறார்கள், வேறு வழி தெரியவில்லை என்றேன். இதோ இறக்கிவிடுகிறேன் என்று தொரட்டியை எடுத்தேன்.

"எறக்காதீங்க" என்றார் சம்பந்தி.

அவர் முகத்தில் கோபம் போய் யோசனை வந்திருந்தது. தோப்பு வைத்திருக்கிறவருக்கு இந்த வைத்தியம் தெரியாதா? கட்டிய செருப்பை மரம் காய்ப்பதற்கு முன்னால் இறக்கினால், மரத்துக்கு வந்த வெட்கம் செருப்புக்காரனுக்கு வந்து சேரும் என்று அவர் ஊரில் சொல்வார்களாம். நான் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் உடனே தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து என் மகன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ரம்பத்தோடு வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சம்பந்தி சிரிக்கவில்லை.

"எஞ் செருப்பு தொங்குற மரத்த வெட்டப் போறீங்களா, மாப்ள?"

"மாமா, அது வெறும் செருப்புதானே."

"செருப்பு மட்டும் தொங்கல. கூட விளக்கமாறும் தொங்குது. அதோட வெட்டிக் கீழ தள்ளுனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?"

என் மகன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தைப் பார்த்தாள். அவன் அதைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்க் காபி கேட்டான். நான் மரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சம்பந்தி புறப்பட்டார். மகன் செருப்பு அவர் காலுக்குச் சேரவில்லை. கடைசியில் மருமகளின் ரோஸ் கலர் குளியலறைச் செருப்புதான் சேர்ந்தது. பூப்போட்டது. அதைப் போட்டுக்கொண்டு தெருவே பார்க்கக் காரில் ஏறினார். ஏறுவதற்கு முன் என்னை முதலில் வாசற்படியில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்திலும் போட்டியில் அவர்தான் ஜெயித்தார்.

பாத்தியில் நட்ட நாற்றெல்லாம் வாரம் திரும்புவதற்குள் வெயிலில் வெந்துவிட்டன. நடாமல் தட்டில் மிச்சம் இருந்ததை என் மகன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டுபோய் நாரத்தை நிழலில் வைத்தான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்புட்டுக் கஷ்டமாக நான் வாயைக் கட்டியது என் ஆயுசில் அது ஒரு தடவைதான்.

இப்போது வைகாசி. சம்பந்தி ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். முன்பெல்லாம் மகளைக் கேட்பார், பேத்தியைக் கேட்பார். இப்போது எடுத்ததும் மரம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார். போன வாரம் உள்ளதைச் சொன்னேன். ஓர் அணில் விளக்குமாற்று ஈர்க்கையெல்லாம் உருவிக்கொண்டுபோய் மேல் கிளையில் கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கிறது. இப்போது தொங்குவது செருப்பு மட்டும்தான். மரம் ஏதோ கொடுத்ததுபோல ஆகுமா, செருப்பை இறக்கிவிடலாமா என்றேன். அவர் ஒப்பவில்லை.

"அணில் சேத்தி இல்ல, சம்பந்தியம்மா. நாரத்தங்காதான். நீங்க வேற விளக்கமாறு கட்டுங்க."

கட்டிவிட்டேன். நேற்று ஒரு கிளை நுனியில் வெள்ளையாக என்னமோ தெரிந்தது. காக்கை எச்சம் என்கிறான் மகன். மொட்டு என்கிறேன் நான். தொப்பி போட்டுப் பங்குனியில் நாற்று நட்டவன் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்?

எழுதியது போதும், கை வலிக்கிறது. ஏ ஆத்தா பாப்பா, அந்தப் போனை வச்சுட்டு இங்க வா. இதை ஒரு தடவ படிச்சுக் காட்டு. இங்க வேணாம், மரத்துக்கிட்டப் போயி நில்லு. செருப்பு வர்ற எடத்த மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.