மனிதர் ஒப்புதல் பெறப்பட்டது

அலுவலகத்தில் அவளுக்குக் கையெழுத்தம்மா என்றுதான் பெயர். அவள் கையெழுத்து எதுவும் போடுவதில்லை; பச்சைப் பொத்தானைத் தட்டுவாள், அவ்வளவுதான். அது ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. யாருக்குச் சிகிச்சைப் பணம் தரலாம், யாருக்குக் கூடாது என்று கணினியே கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். செயற்கை நுண்ணறிவுக்குக் கடிவாளம் போட நாட்டுக்கு நாடு அரசாங்கங்கள் கிளம்பியபோது, இந்த நாட்டு அரசும் ஒரு சட்டம் போட்டது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இயந்திரம் தானாக முடிவெடுக்கக் கூடாது. அதன் முடிவை ஒரு மனிதர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி ரொம்ப யோசிக்கவில்லை. வரவேற்பு மேஜையில் இருந்தவளைக் கூப்பிட்டுக் கணினி முன் உட்கார வைத்தது. சட்டம் கேட்டது மனிதரை, அவளும் மனுஷிதானே!

கணவன் போன பிறகு மகளின் படிப்பு இந்த நாற்காலியை நம்பித்தான் ஓடியது. அதனால் வாயை மூடிக்கொண்டு தட்டினாள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தான் தேய்ந்து வழவழத்துப்போனது. ‘மறுக்கிறேன்’ என்ற சிவப்புப் பொத்தான் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருந்தது.

அன்று அரசு ஆய்வு. காலையிலேயே மேலாளர் அவள் மேஜைக்கு வந்துவிட்டார்.

“கேட்டா, ஒவ்வொண்ணையும் முழுசாப் படிச்சுத்தான் தட்டுறேன்னு சொல்லும்மா. மாத்திச் சொன்னா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது.”

“படிச்சேன்னு சொன்னா தப்பெல்லாம் என் தலையில விழுமே சார்?”

மேலாளர் காது கேட்காதவர் போல டையைச் சரிசெய்துகொண்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்து வர்றதை எப்பவும் போலப் பாருங்கம்மா. நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

திரையில் வந்தது ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. இதய அறுவை சிகிச்சை. பழைய நோயை மறைத்ததால் பணம் இல்லை என்றது கணினி. வேறு வழியில்லாமல், அந்த நாற்காலிக்கு வந்தபின் முதல் தடவையாக அவள் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் மருத்துவர் கடிதம். நோய் இருப்பதே இந்த மாதம்தான் தெரிந்ததாம். அப்படியென்றால் அந்தப் பெண் எதை மறைத்தாள்? விரல் கணினியின் முடிவை மறுக்கும் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. எதற்கும் மூன்றாம் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று ஒரு கணம் நின்றாள்.

திரை தானாக மாறியது. ‘மனிதர் ஒப்புதல் பெறப்பட்டது.’ கீழே அவள் பெயர். அடுத்த நோயாளியின் விவரம் வந்து நின்றது.

அவள் எதையும் தட்டவில்லை. குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் கணினியே ஒப்புதல் போட்டுக்கொள்ளும் என்ற ஏற்பாடு இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு எந்தப் பக்கத்திலும் அவள் நின்றதில்லை.

“நெட்வொர்க் கோளாறு மேடம்” என்று மேலாளர் வழிந்தார்.

அதிகாரியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“இதை யாரும்மா ஒத்துக்கிட்டது?”

மேலாளரின் பார்வை அவளைக் குத்தியது. மகளின் முகம் வந்து போனது. இத்தனை காலம் தட்டித் தள்ளிய, முகமே தெரியாத ஆட்களும் நினைவில் வந்தார்கள். அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

“இதை நான் ஒத்துக்கலை மேடம். இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நான்தான் தட்டினேன், ஒண்ணைக்கூடப் படிக்காம.” அவள் திரையைக் காட்டினாள். “அந்தம்மா ஃபைலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. மூணாம் பக்கம் இன்னும் நான் பார்க்கலை.”