மச்சினனின் எட்டுத் தந்தி

குடியிருப்பில் எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு கம்பிவடம் போதும் என்றாலும் ஐந்து போட்டிருப்பார்கள். மீதி மூன்றும் மனிதர்களின் பயத்துக்கு என்பார். அப்படிப்பட்டவருக்கு, மச்சினன் வாங்கிவந்த கிட்டாரில் இரண்டு தந்தி அதிகமாக இருந்தது மட்டும் பொறுக்கவில்லை.

"ஆறு தந்தியையே ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவனுக்கு எட்டு எதுக்கு?"

"நல்லாத்தானே வாசிக்கிறான்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அங்கேதான் பற்றிக்கொண்டது.

மச்சினன் பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவன். அவன் வாங்கியது பாரிட்டோன் கிட்டார். உடம்பு பெரிது, கழுத்து நீளம், சுருதி சாதாரண கிட்டாரைவிட நன்றாகக் கீழே. நடுவிலிருக்கும் இரண்டு தந்திகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒல்லியாக ஒவ்வொரு துணைத் தந்தி. தடித்தது உறுமும்போது ஒல்லி மேலே நின்று மினுங்கும். ஒருவன் வாசித்தால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். அப்படியென்றால் இந்த வீட்டில் இன்னொரு கிட்டாருக்கு என்ன வேலை?

அதுவரை வீட்டுக் கிட்டார் அவருடையதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பாட, அவர் வாசிப்பார். அவள் வேலை பார்க்கும் மின்சார அலுவலகத்தின் ஆண்டு விழாவில் பதினேழு வருடம் இந்த ஜோடிதான் மேடையில். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டி போனது, குரலும் ஐந்தாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஞாயிறுதோறும் அவர் பழைய பாட்டைப் பழைய சுருதியிலேயே தொடங்குவார். "வரும், வரும். முயற்சி பண்ணு." அவள் இரண்டு வரி முயன்றுவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்துபோவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

மச்சினன் வந்து உட்கார்ந்து எட்டுத் தந்தியையும் ஒரு தடவு தடவினான். சமையலறையிலிருந்து பாட்டு வந்தது. முழுப் பாட்டு. லிஃப்ட்காரர் கடித்த பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்தார்.

மூன்றாவது ஞாயிறு அவள் சொன்னாள்: "ஆபீஸ் விழாவுக்குப் பேர் குடுத்துட்டேங்க. தம்பி வாசிக்கிறான்."

"அப்ப நான் என்ன, கைதட்டவா?"

"முன் வரிசையில இடம் பிடிச்சுத் தர்றேன் மாமா," என்றான் மச்சினன்.

"இங்க குடுடா அதை!"

பிடுங்காத குறையாக வாங்கினார். வாத்தியத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வாசிக்கிற கையில்தான் என்று இன்றைக்குக் காட்டிவிட வேண்டும். தன் பெட்டியிலிருந்து கேப்போவை எடுத்தார். தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கிளிப் அது. கழுத்தில் ஐந்தாவது ஃப்ரெட் கட்டத்தில் மாட்டியதும் மச்சினன் கிட்டார் அவருடைய பழைய சுருதிக்கு வந்துவிட்டது.

"பாடு. அதே எட்டுத் தந்திதான்."

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் குரல் ஏறப் பார்த்து, பாதியில் மாட்டி, நின்றது. மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு முகம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். இப்போது அது அவர் எதிரில் இருந்தது.

"அடுப்புல..." என்று எழுந்தாள்.

"அடுப்புல ஒண்ணுமில்ல. உட்காரு."

உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷமா இதைத்தானே பண்றீங்க? கொஞ்சம் இறக்கி வாசிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இறக்கினா, உன் குரல் போயிடுச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு..."

"நீங்க இறக்காததாலதான் எனக்கு அப்படித் தோணுச்சு."

மச்சினன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் கிளிப்பைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கினார். விரல்கள் பழகிய இடங்களில்தான் விழுந்தன. ஒலி கீழேயிருந்து வந்தது. அவள் பாடி முடிக்கும்வரை அவர் நிமிரவேயில்லை.

அந்த வாரம் தன் கிட்டாரை அந்த அளவுக்கு இறக்கிப் பார்த்தார். தந்திகள் துணிக்கொடிபோல் தொய்ந்து கரகரத்தன. வேறு வழியில்லாமல் மச்சினன் வேலை செய்யும் இடத்துக்கே போய் நின்றார்.

"விழாவுக்கு அதைக் குடு."

"கிட்டாரையா மாமா?"

"பின்னே என்ன, பல்செட்டையா?"

அவன் இழுத்தான். அக்காவுக்கு ஃபோன் போட்டான். அவள் என்ன சொன்னாளோ, வைத்ததும், "சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க," என்றான்.

விழாவில் மச்சினன் முன் வரிசை. அக்கா பாடப் பாடக் கை தட்டினான். கண் மட்டும் மேடையிலிருந்த தன் கிட்டாரை விட்டு நகரவில்லை. தாடை இறுகியிருந்தது. லிஃப்ட்காரருக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். மூன்று ஞாயிறாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தது.

இறங்கியதும் அலுவலகத்து அம்மா ஒருவர் வந்தார். "என்ன அருமையான கிட்டார் சார்! உங்களுதா?"

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "மச்சினனோடது," என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"என்ன சொன்னீங்க மாமா?" என்றான் மச்சினன் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லடா. கிட்டார் உறையைப் பிடி."