கிளிஞ்சல் மூட்டை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் புதன்கிழமை என்றால் அவித்த முட்டை. நேற்றைய முட்டையில் கட்டைவிரலை வைத்ததுமே ஓடு பொலபொலவென்று நொறுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவருக்குச் சந்தோஷம், உரிக்கச் சுலபமாம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். முட்டையைக் கையில் எடுத்தால் முதலில் ஓட்டை அழுத்திப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அக்கா வீட்டுக்காரரிடமிருந்து தொற்றியது. பொதட்டூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் மாமா மூவாயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தார். கோழி எச்சமும் கருவாட்டுத்தூளும் கலந்த வாடை ஊர் எல்லையிலேயே வந்து வரவேற்கும். பி.காம். முடித்துச் சும்மா இருந்த நான் அங்கே தீவனம் கலந்துகொண்டிருந்தேன். அந்தச் சட்டையோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். அது ஒரு வசதி.

முட்டைக்கோழி வைத்திருப்பவன் கையில் எதுவும் இல்லை. காலையில் போனில் ஒரு விலை சொல்வார்கள், அன்றைக்கு அதுதான். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும். கோழி தீனியை விடுமா? அதைச் சமாளித்து வந்தால், ஒரு வருஷம் பங்குனியில் மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்து விலை ஏறின. மாமா நாஷ்டாவைத் தொடாமல் தீவன மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. தீவனத்தில் கலக்கப் பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் தூள் மூட்டை மூட்டையாக வரும்.

“இதுல இன்னா சத்து கீது மாமா? வெறும் கல்லு. கொஞ்ச நாளைக்கு நிறுத்திடலாம்” என்றேன்.

“ஓடு மெலிஞ்சிடும்டா மச்சான்.”

“நாட்டுக்கோழிக்கு யாரு மாமா கிளிஞ்சல் போட்டுக்கினு கீறாங்க?”

நாட்டுக்கோழி மண்ணைக் கொத்தும், கூண்டுக்கோழிக்கு மண் ஏது என்று இந்தப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. “படிச்சவன், நீ சொன்னா சரி” என்று மாமாவும் விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். பிறகு, கூண்டிலிருந்து உருண்டு வரும் முட்டைகள் கம்பியில் பட்டே விரிசல் விட்டன. அக்னி நட்சத்திரமும் தொடங்கியது. வெயிலில் வாயைப் பிளந்து இரைக்கும் கோழி தீனி எடுக்காது. தன் எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ஓடு செய்யும், கடைசியில் நிற்க முடியாமல் படுத்துவிடும். எங்கள் கோழிகள் வரிசை வரிசையாகப் படுத்தன. கிளிஞ்சலைத் திரும்பப் போட்டோம். கைமீறிப் போயிருந்தது.

முட்டை ஏற்ற வந்த வேன்காரர் ஓர் அட்டையைத் தூக்கினார். மஞ்சள் கரு அவர் முழங்கை வரை வழிந்தது.

“இத்த எட்துக்கினு போனா கடைக்காரன் என் மூஞ்சியிலயே அடிப்பான். பேஜாரு வேணாண்ணா.”

வெறும் வண்டியோடு போய்விட்டார். உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தாள்.

“யாரு கிளிஞ்சல நிறுத்துனது?”

நான் குனிந்து அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். என் பக்கம் திரும்பாமலே மாமா சொன்னார்: “நான்தான். டப்பு மிச்சமாவும்னு பார்த்தேன்.”

மிஞ்சிய கோழிகளைக் கறிக்கு ஏற்றிவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாக வந்தார் மாமா. எனக்கு இந்த வேலையை யாரிடமோ கெஞ்சி வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அந்த வாடை இல்லை. மாமாவும் போன தையில் போய்விட்டார்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன், இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று. முட்டைப் பேச்சை எடுத்ததுமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“அந்தப் பண்ணை இருந்திருந்தா நாம இப்டியா கீறோம்? உங்க மாமா கஞ்சத்தனம் பண்ணியே அழிச்சிட்டாரு.”

“ஆமாக்கா” என்றேன்.