தெளிய வைத்த டீசல்

இருபத்தாறு வருடம் எண்ணெய் டாங்கிகளின் தலைமேல் ஏறி இறங்கிய மனிதர் அவர். துறைமுகத்தை ஒட்டி, கப்பலில் வரும் டீசலைச் சேமித்து வைக்கும் பெரிய இரும்பு டாங்கிகள் நான்கு. எதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுவது அவர் வேலை. முனையில் பித்தளைக் குண்டு தொங்கும் இரும்பு நாடாவை மேல்மூடி வழியாக இறக்கி, அது அடியைத் தட்டியதும் இழுத்து, நனைந்த கோட்டைப் படிக்க வேண்டும். மூன்று தடவை படித்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதலாம். அதனால் அவருக்கு அங்கே 'மூணு தடவை' என்றே பெயர். வீட்டில் கதவைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். "எல்லாத்தையும் மூணு தடவ பாக்குறவரு, என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் ஒரே தடவதான் பாத்தாரு. அவசரம்!" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

கப்பல் டீசலோடு கொஞ்சம் தண்ணீரும் வரும். ஒரு நாள் அசைக்காமல் விட்டால் அது அடியில் தங்கும், வடித்துவிடலாம். பித்தளைக் குண்டில் ஒரு பசை தடவி இறக்குவார்கள். தண்ணீர் பட்டால் பசை சிவக்கும். சிவக்காத வரைக்கும் டீசல் சுத்தம், லாரிகளுக்குத் திறந்துவிடலாம். சிவந்தால் 'தெளிகிறது' என்று டாங்கியில் பலகை மாட்டிவிடுவார்கள். அந்தப் பலகை தொங்கும்வரை அமைச்சரே வந்து நின்றாலும் ஒரு சொட்டு வெளியே போகாது.

அந்த மாதக் கடைசியில் எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன. எண்ணெய்க் கப்பல்கள் போகிற கடல்வழி அடைபடும் என்றார்கள். அடைபடவில்லை. பேச்சுக்கே பீப்பாய் விலை எகிறியது. உள்ளூர் விலை மாறுவது முதல் தேதியில். அதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. டாங்கிகளில் கிடந்ததோ அந்தச் சண்டைக்கெல்லாம் முன்பே பழைய விலைக்கு வாங்கி, கரை சேர்ந்து, தெளிந்தும் போன டீசல். எந்தப் போரும் அதைத் தொடவில்லை. ஆனால் நான்கு நாள் கட்டிப் போட்டுவிட்டு விற்றால், அசையாமல் கிடந்ததற்கே கொள்ளை லாபம். உலகச் சந்தை என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது இங்கே வந்து சேர்ந்தபோது ஒரு மரப்பலகையாக வந்து சேர்ந்தது.

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்தார்.

"உக்காருங்கண்ணே. நாலு டாங்கியும் இன்னும் தெளியல, இல்ல?"

"தெளிஞ்சு ரெண்டு நாளாச்சு சார்."

"தெளியலன்னு நான் சொல்றேன்."

"பசை செவக்கலையே சார்."

"தண்ணி பட்டா செவந்துட்டுப் போகுது. நாட்டுல தண்ணிக்கா பஞ்சம்?"

அவர் வேலை ஒப்பந்த வேலை. வருடா வருடம் மேலாளர் மனது வைத்தால்தான் நீளும். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. முழங்கால் இரண்டும் தேய்ந்த ஆளை வேறு எவன் வைத்துக்கொள்வான்? அறுபத்திரண்டு படி ஏறினார். குடிக்கக் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து குண்டின்மேல் ஊற்றினார். பசை சிவந்தது. துடைத்து, மறுபடி பசை தடவி ஊற்றினார். மூன்றாவது தடவையும் ஊற்றி, மூன்றும் ஒத்துப்போனபிறகுதான் எழுதினார். பொய்யைக்கூட அந்த மனிதரால் ஒழுங்காக அளக்காமல் எழுத முடியவில்லை.

மறுநாளே பங்க்குகளில் 'டீசல் இல்லை' என்று அட்டை தொங்கியது. அவர் மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். நூற்பாலைக்குப் பதினான்கு பெண்களைக் காலையில் கொண்டுபோய் விடுவது அவன் பிழைப்பு. வேனை வரிசையில் போட்டுவிட்டு, குளிக்க மட்டும் அக்கா வீட்டுக்கு வந்தான்.

"மாமா, கப்பல் எப்ப வரும்? ரேடியோல இன்னும் நடுக்கடல்லயே நிக்குதுங்கிறான்."

அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் மாமா. வாய்க்குப் பூட்டா?"

"வரும்."

"வந்தா சரி. எல்லாரும் ஆலைக்கு நடந்து போறாங்க. பத்து நிமிஷம் லேட்டுன்னு இன்னிக்குக் காலைல மூணு பேர வாசல்லயே திருப்பி அனுப்பிட்டான். ஒருத்தி மாசமா இருக்கா."

அன்றும் ஏறினார், அதற்கு மறுநாளும் ஏறினார், பாட்டிலோடு. நான்காம் நாள், மாதத்தின் கடைசி நாள், பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்று தடவை இறக்கினார். 'தண்ணீர் இல்லை. திறக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் கத்தவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "இன்னொரு நாள் பொறுத்திருந்தா நல்ல மனுஷனாவே போயிருக்கலாமேண்ணே. நாளைலேருந்து வராதீங்க." பக்கத்திலிருந்த இன்னொரு அளவுகாரரைப் பார்த்தார். அந்த ஆள் யார் முகத்தையும் பார்க்காமல் படியேறினார். இறங்கியபோது குண்டு சிவந்திருந்தது. பலகை அப்படியே தொங்கியது.

வேலை போனவர் நேராகப் பங்க் வரிசைக்கு நடந்தார். மைத்துனனின் வேனுக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். நடுவில் நின்று உரக்கச் சொன்னார்: "டீசல் இருக்கு. நாலு டாங்கி நிறைய இருக்கு. தெளியலன்னு மூணு நாளா நான்தான் பொய் எழுதினேன்."

யாரும் டாங்கியை நோக்கி ஓடவில்லை. ஒருவன் எழுந்து, போலீஸ் வண்டி நிற்கும் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். லாரிக்காரர் பல்லிடுக்கில் குச்சியோடு கேட்டார்: "மூணு நாளா நீ எங்கய்யா போயிருந்தே?"

"பெரியவரே, இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை. எவ்வளவு ஏத்துவான்னு தெரிஞ்சா சொல்லு," என்றான் இன்னொருவன்.

இரவுச் செய்தியில் புது விலை வந்தது. கப்பலும் வந்துவிட்டதாம்.

காலையில் வேலை இல்லை. போக வேறு இடமும் இல்லை. வரிசைக்கே போய் வேனில் ஏறி உட்கார்ந்தார். மைத்துனன் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மொத நாளே சொல்லியிருக்கலாம் மாமா."

"வேல போயிருக்கும்டா."

"இப்ப?"

அவர் வேன் கதவை இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளைங்ககிட்ட இனிமே வேன் காசு கூடக் கேக்கணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

"நான் வந்து சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

முன்னால் லாரி நகர்ந்தது. வேனில் இருந்த கடைசி டீசலை வீணாக்க மனமில்லாமல் அவன் சாவியைத் திருப்பவில்லை. அவர் கீழே இறங்கி, பின்னால் போய், தேய்ந்த முழங்காலோடு கால் ஊன்றித் தள்ளினார்.